கேளுங்கள் டீச்சர்! இந்த இதழில்: பல்லி, கரட்டான் (ஓணான்), உடும்பு

பல்லி வால் அறுந்து துடிப்பதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தபாலும் வாட்ஸ்அப்புமாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவளிடம் கேட்டால், விழுந்ததால் பல்லிக்கு என்ன ஆயிற்று என்றுதான் நான் பார்ப்பேன். மீதிக் கேள்விகளில் பல, பல்லி வகைகளின் சுரப்பி, வாசனை என்று ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால் அவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், ராத்திரி எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பல்லிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் வயிறு நன்றாகத் தெரியும். அதில் ஒன்றுக்கு மட்டும் பின்தொடைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. அம்மா பல்லி முட்டை என்கிறார். அண்ணன் உண்ணி என்கிறான். யார் சொல்வது சரி?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

இரண்டு பேருமே தோற்றுவிட்டார்கள் கண்ணு. முட்டை என்றால் வயிற்றுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகளாகத் தோல் வழியாகவே தெரியும். அது பெண். நீ பார்த்தது ஆண். உண்ணி என்றால் இப்படி அளந்து வைத்த மாதிரி வரிசையில் உட்காராது.

அந்தப் புள்ளிகள் தொடைத் துளைகள். ஒரு முழங்காலுக்குப் பக்கத்தில் தொடங்கி, தொடையின் அடிப்பக்கமாக வந்து, கழிவுத் துளைக்குச் சற்று முன்னால் வளைந்து, அடுத்த முழங்கால் வரை போகும். நம் வீடுகளில் சாதாரணமாகத் திரியும் பல்லியில் இரண்டு பக்கமும் சேர்த்து 30-ஐ ஒட்டி இருக்கும். இந்த இனத்தில் பெண்ணுக்குக் கிடையாது. வேறு சில பல்லி இனங்களில் பெண்ணுக்கும் உண்டு, ஆனால் சிறியதாக இருக்கும்.

ஒவ்வொரு துளைக்கும் பின்னால் தோலுக்குள் புதைந்த ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் சுரப்பி. நம் உமிழ்நீர்ச் சுரப்பி நீரைச் சுரந்து வெளியே அனுப்பிவிட்டுத் தன் செல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இங்கே கதை வேறு. குழாயின் உட்சுவரில் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். பிறந்த செல் கொழுப்பும் புரதமுமாகத் தன்னை நிரப்பிக்கொண்டு நடுவே நகரும், அங்கேயே செத்து இறுகும், பின்னால் வரும் செல்கள் அதை முன்னே தள்ளும். அதாவது செல்லின் பிணமேதான் சரக்கு. இடியாப்ப அச்சில் மாவு பிதுங்குகிற மாதிரி துளை வழியே மெழுகுத் துண்டு ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். ஆண் பல்லி நடக்கும்போது தொடை சுவரில் உரசும், மெழுகின் நுனி தேய்ந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். மற்றப் பல்லிகளுக்கு அது விட்டுப்போகும் வாசனைச் சேதி அதுதான்.

எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் சுரக்காது. இனப்பெருக்கக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால் துளைகள் புடைத்துக்கொள்ளும், இறங்கினால் சுருங்கும். அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் வீட்டு ஆணின் புள்ளிகள் மங்கலாக இருந்தால் வேறு பல்லி என்று நினைத்துவிடாதே.

இந்த மெழுகில் என்னதான் இருக்கிறது? கொலஸ்ட்ரால், அதன் குடும்பத்து ஸ்டீரால்கள், கொழுப்பு அமிலங்கள், கொஞ்சம் புரதம். ஸ்பெயினில் மாட்ரிட் நகருக்குப் பக்கத்து மலைகளில் ஒரு பாறைப் பல்லி உண்டு. ஹோசே மார்ட்டின், பிலார் லோபெஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் அதன் பின்னாலேயே அலைந்தவர்கள். ஆண்களின் மெழுகில் வைட்டமின் டி-க்கு மூலப்பொருளான ஸ்டீரால் கூடுதலாக இருந்தால், பெண்கள் அந்த ஆண் நடமாடிய இடத்தையே தேடிப் போகின்றன என்று கண்டார்கள். 2006-இல் இன்னொரு படி போய், சில ஆண்களுக்குத் தீனியோடு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் மெழுகில் அந்தப் பொருள் ஏறியது, பெண்களின் கவனமும் ஏறியது. வைட்டமின் டி உடம்பின் நோய் எதிர்ப்புக்கு வேண்டிய சரக்கு. அதைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொடையில் கொட்டும் அளவுக்கு வசதி யாருக்கு இருக்கும்? ஆரோக்கியமான ஆணுக்குத்தான். ஆகவே இதில் சும்மா பீற்றிக்கொள்ள முடியாது. ஜாதகப் பொருத்தத்தை விட இது நம்பகமானது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் பேப்பரை விட்டுத் தலையே நிமிரவில்லை.

இன்னொரு வேடிக்கை அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லியான இகுவானாவில். அதன் மெழுகு புறஊதா ஒளியை உறிஞ்சும் என்றும், அந்த ஒளி இகுவானாவின் கண்ணுக்குத் தெரியும் என்றும் அலிசன் ஆல்பர்ட்ஸ் 1989-இல் காட்டினார். கொதிக்கிற மணலில் வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடக் கூடாது. அதனால் அந்த மெழுகு அவ்வளவாக மணப்பதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் அடையாளம் கண்டு, கிட்டே போய் நாக்கால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

துளைகளை எண்ணுவது ஆராய்ச்சியாளர்களுக்கும் சோறு போடுகிற வேலை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல்லி இனங்களைப் பிரிக்க, துளை எத்தனை, நடுவில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று எண்ணித்தான் எழுதுவார்கள். மேகமலையிலிருந்து 2018-இல் புதிய இனமாக அறிவித்த ஹெமிடாக்டைலஸ் வனம் என்ற பாறைப் பல்லியின் விவரிப்பையும் இப்படித்தான் எழுதினார்கள். ஒரு டார்ச்சும் பொறுமையும் இருந்தால் நீயும் எண்ணலாம். பல்லியைப் பிடிக்காதே, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே எண்ணு.

எங்கள் தோட்டத்துக் கரட்டானுக்கும் இந்தச் சுரப்பி உண்டா? அது கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு ரத்தம் உறிஞ்சுகிறது என்று பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள்.
— விவசாயி, பவானி

கிடையாது ஐயா. தோட்டத்துக் கரட்டானின் தொடையைத் திருப்பிப் பார்த்தால் வழவழவென்றிருக்கும், ஒரு துளையும் தெரியாது. எங்கள் காலத்தில் விலங்கியல் செய்முறை வகுப்பில் அறுப்பது இதைத்தான். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தும்போது தொடை முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். இப்போது அறுப்பதை நிறுத்திவிட்டார்கள், நல்லதாயிற்று.

சேதி சொல்ல அதற்கு வேறு வழி இருக்கிறது. பகலில் வேலிக்கால் மேல் உட்கார்ந்து, தலையையும் கழுத்தையும் சிவப்பாக்கி, முன்காலை ஊன்றித் தண்டால் எடுக்கும். “இது என் இடம், நான் ஆண்” என்பதைப் பார்வைக்கே சொல்லிவிடுகிறது. இரவில் திரிகிற பல்லிக்கு இந்த வண்ணமெல்லாம் எதற்கு? அதற்குக் குரலும் வாசனையும். நம்மாட்கள் பல்லி சொல்வதற்குச் சங்க காலத்திலிருந்து காது கொடுத்து வருகிறோம், மணப்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை.

கழுத்தில் ஏறுவது கரட்டானின் சொந்த நிறம். அது தின்பது பூச்சி. உங்கள் காய்கறிச் செடிக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் என்று பையன்களிடம் சொல்லுங்கள்.

கிணற்று மேட்டில் ஒரு உடும்பு வருகிறது. நடக்கும்போதெல்லாம் பாம்பு மாதிரி நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறது. கடிக்கத் தயாராகிறதா?
— வாசகர், அருப்புக்கோட்டை

முகர்கிறது. மூக்கும் அதற்கு இருக்கிறது, ஆனால் நுட்பமான வேலையை நாக்குதான் செய்கிறது. நீட்டிய நாக்கு தரையிலும் காற்றிலும் உள்ள வேதித்துகள்களை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அண்ணத்தில் இரண்டு சின்னத் துவாரங்கள் உண்டு. அவற்றுக்கு மேலே இருப்பது ஜேக்கப்சன் உறுப்பு. லுத்விக் ஜேக்கப்சன் என்ற டென்மார்க் மருத்துவர் 1813-இல் பாலூட்டிகளில் விவரித்ததால் அந்தப் பெயர். அங்கிருந்து மூளைக்குத் தனி நரம்பு போகிறது.

நாக்கு ஏன் பிளந்திருக்கிறது என்பதற்குக் கர்ட் ஷ்வெங்க் 1994-இல் எழுதிய விளக்கம் எனக்குப் பிடித்தது. இரண்டு நுனியும் அகலமாக விரிந்து இரண்டு வேறு இடங்களைத் தொடுகின்றன. வலது நுனியில் வாசனை அதிகம் என்றால் இரை போன தடம் வலப்பக்கம், திரும்பு. நின்று யோசிக்காமல் ஒரே வீச்சில் திசை தெரிந்துவிடும். தடம் பிடித்துத் துரத்துகிற பாம்புக்கும் உடும்புக்கும் இது ஆழமாகப் பிளந்திருப்பதன் காரணம் அதுதான். வீட்டுப் பல்லிக்கு நாக்கு அகலம், பிளவு பேருக்குத்தான். அதற்கு இமை கிடையாது, அந்த நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

உங்கள் உடும்பு அநேகமாக எலியையோ முட்டையையோ தேடி வருகிறது. கோழிக் கூண்டை மூடிவையுங்கள், போதும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. பிடித்தால் ஜாமீனுக்கு அலைய வேண்டிவரும்.

மேடம், லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டியில் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. போன வாரம் ஆண் திடீரென்று பெண்ணைப் பிடித்துக் கடித்துவிட்டது. இரண்டு நாளில் மறுபடி சமாதானம். புரியவில்லை.
— பொறியியல் மாணவர், கோவை

தம்பி, ஒரு கேள்வி: கடித்த அன்று பெண் தோல் உரித்துக்கொண்டிருந்ததா? உடம்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்ததா? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், “அன்றைக்குக் கொஞ்சம் டல்லாக இருந்தது, உரித்த தோல் கொஞ்சம் கிடந்தது” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது.

ராபர்ட் மேசனும் வில்லியம் குட்ஸ்கியும் 1990-இல் இதே கெக்கோவில் இதே கூத்தைப் பார்த்து எழுதினார்கள். பெண் தோல் உரிக்கிற சமயத்தில் ஆண் அதை இன்னொரு ஆண் என்று எண்ணித் தாக்குகிறது. உரித்து முடிந்ததும் அதே பெண்ணிடம் கொஞ்சிக்கொண்டு போகிறது. இருவர் தோலிலும் உள்ள கொழுப்புப் பொருட்களில் ஆணுக்கொரு வகை, பெண்ணுக்கொரு வகை என்று வித்தியாசம் உண்டு. ஆண் நாக்கால் தொட்டுப் பார்த்துத்தான் எதிரே நிற்பது யார் என்று தீர்மானிக்கிறது. தோல் உரிகிற நேரத்தில் “நான் பெண்” என்ற அந்தச் சேதி கிடைப்பதில்லை. கண்ணெதிரே தினம் பார்த்த துணைதான், ஆனாலும் கண் சொல்வதை அது நம்பவில்லை, நாக்கு சொல்வதைத்தான் நம்புகிறது.

கவனியுங்கள், இங்கே தொடைத் துளை கதையே இல்லை. பல்லிகளின் வேதிச் சேதி தொடையிலிருந்து மட்டும் வருவதில்லை. தோல், கழிவுத் துளைச் சுரப்பி, எச்சம், எல்லாமே பேசும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பெண் வெளுக்கத் தொடங்கியதும் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள், ஈரப் பஞ்சு வைத்த ஒரு மறைவிடம் கொடுங்கள். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், பிடுங்காதீர்கள். கடிபட்ட இடம் வீங்கினால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், மஞ்சள் பூசிப் பார்க்க வேண்டாம்.

பல்லி விழுந்த சாம்பாரைச் சாப்பிட்டு வாந்தி என்று அடிக்கடி செய்தி வருகிறது. பல்லிக்கு விஷச் சுரப்பி எங்கே இருக்கிறது?
— இல்லத்தரசி, திருவாரூர்

எங்கேயும் இல்லை அம்மா. வாயிலும் இல்லை, வாலிலும் இல்லை. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆகவே விழுந்ததைக் கொட்டிவிடுவதுதான் சரி. ஆனால் கொதிக்கிற சாம்பாரில் விஷம் கலந்துவிட்டது என்பது பயம். பந்தியில் ஒருவர் பல்லி என்று கத்தினால் பத்துப் பேருக்குக் குமட்டும், அதற்குச் சுரப்பி தேவையில்லை.

விஷச் சுரப்பி உள்ள பல்லி வேண்டுமானால் அமெரிக்காவின் தென்மேற்கே போக வேண்டும். கிலா மான்ஸ்டர் என்று பெயர். பாம்புக்கு விஷச் சுரப்பி மேல்தாடையில், இதற்குக் கீழ்த்தாடையில். அந்த விஷத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் 1992-இல் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். நம் குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே அதுவும் இன்சுலினைத் தூண்டியது. நம் ஹார்மோன் சில நிமிஷத்தில் சிதைந்துவிடும், பல்லியுடையது மணிக்கணக்கில் நின்றது. ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகச் செய்து, எக்செனடைட் என்ற சர்க்கரை நோய் ஊசியாக 2005-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இப்போது ஊரெல்லாம் எடை குறைக்க விசாரிக்கிற ஊசிகளும் அதே வழியில் வேலை செய்பவைதான். சாம்பாருக்குப் பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

பஸ் ஸ்டாண்டு பக்கம் சாண்டா எண்ணெய் என்று விற்கிறார்கள். பல்லியின் சுரப்பியிலிருந்து எடுப்பதாம். முழங்கால் வலிக்கும், “மற்றதற்கும்” நல்லதாம். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், சேலம்

வாங்காதீர்கள். சாண்டா என்பது தார் பாலைவனத்திலும் கட்ச்சிலும் வளைக்குள் வாழும், முள் வால் கொண்ட ஒரு சாதுப் பிராணி. இலை தழை தின்னும். அதன் தொடையில் துளைகள் உண்டுதான், ஆனால் எண்ணெய் அங்கிருந்து வருவதில்லை. முதுகை முறித்து, கொழுப்பை உருக்கி எடுப்பது அது. பிடிப்பது குற்றம், விற்பதும் குற்றம். மற்றதற்கு டாக்டரைப் பாருங்கள், வெட்கம் வேண்டாம்.

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். அரணைக்கு மறதி அதிகம் என்றும் சொல்வார்கள். இரண்டில் எது உண்மை?
— ஓய்வுபெற்ற தபால்காரர், தக்கலை

இரண்டும் பொய். அரணைக்கு விஷம் கிடையாது. மறதி என்கிற பழியைத் துடைக்க ஆஸ்திரேலியாவிலிருந்து சாட்சி கொண்டுவருகிறேன்.

அங்கே அரணைக் குடும்பத்தில் ஸ்லீப்பி லிசர்ட் என்று ஒன்று, தடித்துக் குட்டையாக, வாலும் தலையும் ஒரே மாதிரி இருக்கும். அடிலெய்டில் உள்ள ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புல் 1982-இல் தொடங்கி 2016-இல் காலமாகும் வரை இதைப் பின்தொடர்ந்தார். வசந்த காலத்தில் சில வாரங்கள் ஆணும் பெண்ணும் சேர்ந்து திரியும். அப்புறம் பிரிந்து அதனதன் பாட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் அதே ஆண் அதே பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். சில ஜோடிகள் 20 வருஷத்துக்கு மேல் இப்படி இருந்திருக்கின்றன. தேடுவதற்கு வாசனைத் தடம் உதவுகிறது. தாய் தன் குட்டியையும் பிறர் குட்டியையும் நாக்கால் தொட்டே பிரித்துவிடுகிறது என்று 1996-இல் மெயினும் புல்லும் சோதித்துக் காட்டினார்கள்.

அரணைகளுக்கும் தொடைத் துளை கிடையாது. பெண்ணின் கழிவுத் துளைக்குள் இருக்கும் சுரப்பி அந்த வேலையைப் பார்க்கிறது. அமெரிக்காவின் அகன்ற தலை அரணையில் அந்தச் சுரப்பிதான் ஆணைக் கூப்பிடுகிறது என்று வில்லியம் கூப்பரும் கூட்டாளிகளும் 1986-இல் கண்டார்கள். ஆண் வந்து வாலின் அடியில் நாக்கை நீட்டுவதைப் பார்த்தால் நமக்கு அசிங்கமாக இருக்கும். அதற்கு அது விலாசம் விசாரிப்பது.

முட்டை ஓடும் மயில் இறகும் வைத்தால் அந்த வாசனைக்குப் பல்லி வராதாமே? எங்கள் வீட்டில் பூஜை அறைச் சுவரில் ஒரே இடத்தில் எச்சம் போட்டுக்கொண்டே இருக்கிறது. துடைத்தாலும் மறுநாள் அங்கேயே.
— வாசகி, மதுரை

முட்டை ஓட்டுக்குப் பல்லி பயப்படுமா? உங்கள் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், பல்லி தன் முட்டை ஓட்டையே அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கும். பல பெண்கள் ஒரே சந்தில் வருஷா வருஷம் முட்டையிடுவதும் உண்டு. மயில் இறகு அழகாக இருக்கிறது, இருக்கட்டும்.

ஒரே இடத்தில் எச்சம் போடுவதற்கு வாசனையோடு சம்பந்தம் இருக்கலாம். அமெரிக்காவின் பட்டைக் கெக்கோ எச்சத்தையே அடையாளமாக வைக்கிறது என்று ஆய்வு உண்டு. டோக்கே கெக்கோவுக்குத் தன் எச்சத்தின் வாசனைக்கும் இன்னொன்றின் எச்சத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே வெறும் துணியால் துடைத்தால் நமக்குச் சுத்தம், அதற்கு விலாசம் அப்படியே இருக்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், பொடி பறந்து மூக்கில் ஏறும். முதலில் நனைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, கையையும் கழுவுங்கள். பூஜை அறையில் ராத்திரி முழுக்க எரியும் சின்ன பல்பை அணைத்துவிடுங்கள். பூச்சி வருவது அதற்குத்தான், பல்லி வருவது பூச்சிக்கு. படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினால், பின்னால் ஒளிய இருட்டுச் சந்தும் இருக்காது.